ஒரு மீட்டர் மயில் கழுத்து

எங்கள் வீட்டு கேட்டில் கை வைத்து நின்றால் கொண்டப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாப் நேராகத் தெரியும். வீட்டை அந்தப் பக்கம் பார்த்துக் கட்டியது என் வீட்டுக்காரர். அதனால் காலை ஏழே முக்காலுக்கு யார் என்ன உடுத்திக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறதென்றால் குற்றம் அவருடையது. நான் செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றத்தான் வாசலுக்கு வருகிறேன். ஒரு செடிக்கு இருபது நிமிஷமா ஊற்றுவாள் என்று பக்கத்து வீட்டு ராசம்மாக்கா கேட்டிருக்கிறார். செடி பெரிய செடி.

எதிர்வீட்டு ஜோதியின் மகள் ரஞ்சிதா அந்த ஸ்டாப்பில்தான் ஏறுவாள். சேலத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம் இரண்டாம் வருஷம். அப்பா மாதையன் ஏற்காட்டுக்கு சிமெண்ட் ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறார். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பயப்படாத மனுஷன், வீட்டில் பெண்கள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் லாரிக்கு கிரீஸ் வைக்க வேண்டும் என்று கிளம்பிவிடுவார். ஜோதி வீட்டிலேயே மிஷின் போட்டு, சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துக் கொடுக்கிறாள்.

முதல் வருஷம் முழுக்க ரஞ்சிதா போட்டது ஷாலினியின் சுடிதார்கள். ஷாலினி யாரென்றால், மாதையனின் அக்கா செல்லாயியின் மகள், ஆத்தூர்க்காரி. இதே கல்லூரி, இதே பி.காம். ரஞ்சிதா உள்ளே போன வருஷம் அவள் படித்து முடித்து வெளியே வந்தாள். செல்லாயி பதினாலு செட் சுடிதாரை ஒரு ஜவுளிக்கடைப் பையில் திணித்துக் கொண்டுவந்து இறக்கினார்.

"எல்லாம் நல்ல துணி ஜோதி. ஒண்ணொண்ணும் ரெண்டு தடவகூடப் போட்டிருக்க மாட்டா."

இரண்டு தடவை போட்ட துணி முழங்கையில் அப்படி நரைக்காது. அன்றைக்கு நானும் அங்கே காபி குடித்துக்கொண்டிருந்ததால் சொல்கிறேன்.

ஷாலினி நல்ல உயரம், தோளும் அகலம். ரஞ்சிதா அவளில் முக்கால்வாசி இருப்பாள். ஜோதி பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள், நீளத்தைக் குறைத்தாள். தோளைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஸ்டாப்பில் நிற்கும் நேரமெல்லாம் அந்தப் பெண்ணின் இடது கை வலது தோளை மேலே இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருக்கும். அதுகூடப் பரவாயில்லை. கல்லூரியில் ஒரு மேடம், மூன்று வருஷம் அந்தச் சுடிதார்களைப் பார்த்துப் பழகியவர், ரஞ்சிதாவைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு "ஷாலினி, இங்க வாம்மா" என்று கூப்பிட்டிருக்கிறார். ஒருநாள் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இரண்டாம் வருஷம் வந்தும் அதே கதை. அட்டெண்டன்ஸில் ரஞ்சிதா, வராந்தாவில் ஷாலினி.

"ஏனுங்க பெரியம்மா, நான் என்ன ஷாலினியோட ரெண்டாம் பாகமா?" என்று என்னிடமே ஒருநாள் கேட்டாள்.

"துணி சும்மா வந்துச்சில்ல சாமி, பேரும் கூடத்தான் வரும்" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அவள் தனக்கென்று ஒரு உடுப்பு தேட ஆரம்பித்தாள்.

முதலில் கருப்பு. மாதையன் தீபாவளிக்கு நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். கருப்பில் டாப்ஸ், கருப்பு பேன்ட், கருப்புத் துப்பட்டா. கருப்பு போட்டால் கூட்டத்தில் தனியாகத் தெரியும் என்று செல்போனில் யாரோ சொன்னார்களாம். தெரிந்தது. மூன்று நாள் தொடர்ந்து பார்த்துவிட்டு நான் நேரே ஜோதியிடம் போய், ஊரில் யாராவது தவறிட்டாங்களா என்று கேட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். நாலாம் நாள் கருப்பைக் காணோம்.

அடுத்தது அப்பாவின் காக்கிச் சட்டை. சுடிதாருக்கு மேலே பட்டன் போடாமல், கையை முழங்கை வரைக்கும் மடித்துவிட்டு. நன்றாகத்தான் இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது நான் சொன்னது வேறு. பஸ்ஸில் ஒரு கிழவி அவள் கையைப் பிடித்து, "அஸ்தம்பட்டிக்கு ஒரு டிக்கெட் குடு கண்ணு" என்று கேட்டதும் காக்கி லாரிக்கே திரும்பிப் போய்விட்டது.

மூன்றாவதுதான் ஜாக்கெட் பிட்டு. இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும்.

எங்கள் தெருவில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் வெறுங்கையோடு திரும்ப முடியாது. வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ஒரு பழம், கூடவே ஒரு ஜாக்கெட் பிட்டு வைத்துக் கொடுப்பார்கள். நாம் விசேஷ வீட்டுக்காரிக்குக் கொண்டுபோகும் தட்டிலும் ஒரு பிட்டு இருக்கும். இந்த பிட்டை யாரும் தைப்பதில்லை. தைக்கட்டும் என்று நினைத்து யாரும் வாங்குவதுமில்லை. ஒன்று சாயம் போகும், இல்லையென்றால் எந்தச் சேலைக்கும் சேராது. மடிப்பு கலையாமல் பீரோவில் வைத்திருந்து அடுத்த விசேஷத்துக்கு அடுத்த வீட்டுக்குக் கொடுப்போம். அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்கு. சில பிட்டுகள் என்னைவிட அதிகம் கல்யாணம் பார்த்தவை.

இதில் ஒரே ஒரு ஆபத்து, கொடுத்தவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது. அதற்கு வழி கண்டுபிடித்தது நான்தான். பிட்டு வீட்டுக்கு வந்ததும் ஒரு மடிப்பின் நுனியைத் தூக்கி, கரையோரமாக, கொடுத்தவள் பேரையும் விசேஷத்தையும் பால்பாயிண்ட் பேனாவில் பொடியாக எழுதிவிட வேண்டும். என்னைப் பார்த்து ராசம்மாக்கா எழுதினார், கடைசி வீட்டு டீச்சர் அறிவுமதி எழுதினாள், ஜோதி எழுதினாள். அடுத்தவர் கண்ணில் படாதா என்றால், படாது. எட்டு மடிப்பு இருக்கிறது, ஆளுக்கொரு மடிப்பு. அடுத்த மடிப்பில் என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கே தோன்றியதில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிட்டை யாரும் முழுசாகப் பிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் தெருவே ஓடிக்கொண்டிருந்தது.

ரஞ்சிதா பிரித்துவிட்டாள்.

வாசலைத் திறந்துவிட்டது ஜோதியேதான். "பீரோ கீழ்த்தட்டுல பிட்டு குமிஞ்சு கெடக்குது. நாலு எடுத்து வெட்டிப் பழகு. சும்மா போனையே பாத்துட்டு உக்காந்திருக்காத" என்றாள். ஒரு பிட்டில் ஒரு டாப்ஸ் வராது. முன்பக்கம் ஒன்று, முதுகு ஒன்று, கைக்கு ஒன்று என்று ஒட்டித்தான் ஆக வேண்டும். முதல் டாப்ஸில் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் ரத்தச் சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் ஒரே உடம்பில் குடியிருந்தன.

"ஏஞ்சாமி, எந்த ஊருத் தேருக்குப் பொறப்பட்ட?" என்று கேட்டில் இருந்தே கேட்டேன்.

குனிந்து தன்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "இன்னிக்கு இந்த ஊருங்க பெரியம்மா. நாளைக்கு வேற" என்றாள். முகத்தில் கோபமே இல்லை. எனக்குத்தான் கொஞ்சம் சப்பென்று போனது.

இரண்டாவதில் நிறம் குறைந்தது, கழுத்து இறுகிவிட்டது. கழற்ற முடியாமல் ஜோதி கத்தரிக்கோலை எடுக்க வேண்டியதாயிற்று. மூன்றாவதில் ஒரு கை முழங்கைக்கு மேலே நின்றது, இன்னொன்று கீழே இறங்கியது. நாலாவது எனக்கு நினைவில்லை. அதாவது, சொல்லும்படி குறை இல்லை. கார்த்திகை கழிந்தபோது அந்தப் பெண்ணுக்கென்று ஒன்று படிந்துவிட்டிருந்தது. உடம்புக்கு மண் நிறம், சாம்பல், சந்தனம் மாதிரி ஒரு அடக்கமான நிறம். அதில் எங்காவது ஒரே இடத்தில் ஒரு பளிச். முழங்கைக்குக் கீழே நாலு விரல் இறங்கிய கை. பக்கத்தில் ஒரு பாக்கெட். கை உள்ளே போகிற நிஜமான பாக்கெட், எங்கள் பக்கத்து டெய்லர்கள் பெண்பிள்ளைக்கு எத்தனை கேட்டாலும் வைத்துத் தராதது. தோள், தோளிலேயே நின்றது. இடது கை என்ன செய்வதென்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் போய்விட்டது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு சந்தன நிற டாப்ஸ் வந்தது. கழுத்திலிருந்து முழங்கால்வரை நடுவே ஒரு பட்டை இறங்கும். மயில் கழுத்து நிறம். அந்தப் பட்டையில் வெள்ளை நூலில் ஏதோ தையல் வேலை. கல்லூரியில் துப்பட்டாவைப் பின் குத்திப் போட வேண்டும் என்பதால் பாதி மூடியிருக்கும். கேட்டில் இருந்து பார்க்க எறும்பு வரிசை போல இருந்தது. ஜோதியிடம் கேட்டேன். "என்னமோ இந்தி எழுத்தாட்டம் இருக்குதுங்க்கா. இப்பெல்லாம் எதை எதையோ எழுதிப் போட்டுக்கறாங்க" என்றாள்.

தை மாதம் ராசம்மாக்காவின் சின்ன மருமகளுக்கு வளைகாப்பு. மொட்டை மாடியில் பந்தல் போட்டு, ஐந்து வகைச் சாதம். படியருகே நின்று தாம்பூலப் பை கொடுக்கிற வேலை ரஞ்சிதாவுக்கு. சந்தன நிற டாப்ஸில்தான் வந்திருந்தாள். குனிந்து நிமிர இடைஞ்சலாக இருக்கிறதென்று துப்பட்டாவை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

பிளாஸ்டிக் நாற்காலியில் அறிவுமதி டீச்சர். அவளுக்கு ஒரு பழக்கம், எழுத்து எந்தப் பக்கம் படுத்திருந்தாலும் படித்துவிடுவாள். எதிரே நிற்கும் பிள்ளையின் நோட்டை இருபது வருஷம் தலைகீழாகப் படித்த கண். ரஞ்சிதா பையை நீட்டிக் குனிந்தாள். டீச்சர் தலையை ஒருபக்கம் சாய்த்தாள்.

"ஜோதி, புதுமனை" என்று படித்தாள். "ஏங்க அங்காளம்மாக்கா, இது உங்க கையெழுத்தில்லீங்களா? தி-க்கு இத்தனை நீளமா வால் இழுக்கறது இந்தத் தெருவுல நீங்க மட்டும்தானே?"

என் கையெழுத்துத்தான். பேனாவில் நான் எழுதிய எழுத்தின் மேலேயே ஒரு வளைவு தப்பாமல் நூலோடியிருந்தது.

ராசம்மாக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டையில் ஒரு சாண் கீழே விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, "அங்கா... பெரியவன் கல்யாணம்" என்றார். "அட, இது நான் எழுதுனது!"

"ராசம்மாள், காதுகுத்து, பதினாலு ரெண்டு இருபத்தொண்ணு" என்று அடுத்ததைப் படித்த டீச்சரின் குரல் பாதியில் இறங்கிவிட்டது. தேதி போட்டு எழுதுகிற ஆள் தெருவில் ஒருத்திதான். முழங்காலுக்கு அருகே கடைசி வரி, "டீச்சர், ஆடி வெள்ளி." அது ஜோதியின் கோழிக் கிறுக்கல்.

எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் புதுமனைக்கு ஜோதி எனக்குக் கொடுத்தாள். நான் ராசம்மாக்காவின் பெரிய மகன் கல்யாணத்தில் அவருக்குக் கொடுத்தேன். அவர் டீச்சர் மகளின் காதுகுத்துக்குக் கொடுத்தார். டீச்சர் ஆடி வெள்ளிப் பூஜைக்கு வந்த ஜோதிக்குக் கொடுத்தாள். ஜோதியும், தான் எடுத்த துணி என்று தெரியாமல், பேர் எழுதி பீரோவில் வைத்திருக்கிறாள். நாலு வீடு சுற்றி, ஒரு மடிப்பும் கலையாமல், கிளம்பின வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வளையல் அடுக்கிய கையோடு உட்கார்ந்திருந்த சின்ன மருமகள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். ராசம்மாக்கா பார்த்த பார்வையில் அதுவும் நின்றது.

ஜோதி மகளிடம் வந்து அந்தப் பட்டையை இரண்டு விரலில் பிடித்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நான் பாத்துப் பாத்து எடுத்ததுங்க்கா. நாங்க குடி வந்த புதுசு. நீங்கதான் மொத மொதல்ல ஊட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டீங்க. கடைவீதியில ரெண்டு மணி நேரம் நின்னேன். நீங்க தைச்சுப் போடுவீங்கன்னு."

"அந்த நெறம் எனக்கு எடுபடாது ஜோதி" என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும் போல இருந்தது. "இருந்தாலும், ஊட்டுக்குள்ள இருக்கறத நாலு பேரு முன்னாடி ஒடம்புல எழுதிக் காட்டறதுதான் இப்ப பேஷனாக்கும்?" என்றேன்.

நினைத்தது நடந்தது. எல்லாப் பார்வையும் அந்தப் பெண் மேல் போய் விழுந்தது. "அதான, பெரியவங்க பேரை" என்றார் ராசம்மாக்கா. "கேட்டுட்டாவது செஞ்சிருக்கலாம்" என்றாள் டீச்சர். ஜோதியின் முகம் சிறுத்துப்போனது.

"தெரு முன்னாடி தலகுனிய வெச்சுட்ட" என்று மகளிடம் மெதுவாகத்தான் சொன்னாள். "இத இனி போடாத. நாளையிலருந்து ஷாலினி சுடிதார்தான். பீரோ சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

ரஞ்சிதா இடுப்பில் கட்டிய துப்பட்டாவை அவிழ்த்து, பட்டை தெரியாமல் போர்த்திக்கொண்டாள். மிச்சமிருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள். அந்தப் பைகளுக்குள்ளும் ஆளுக்கொரு பிட்டு இருந்தது என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை ஸ்டாப்பில் ஷாலினியின் பச்சைச் சுடிதார் நின்றது. செவ்வாய் நீலம். இடது கை பழையபடி தோளுக்குப் போய்விட்டது. செடிக்கு ஐந்து நிமிஷத்தில் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டேன். பார்க்க ஒன்றுமில்லை. ஜோதியும் என் கேட்டுப் பக்கம் வரவில்லை. ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்திருந்த என் சேலையை மாதையனிடம் கொடுத்தனுப்பினாள். அந்த மனுஷன் அதை வெடிமருந்து போல மெல்ல மதில்மேல் வைத்துவிட்டு லாரியை நோக்கி நடந்தார்.

வியாழக்கிழமை பால் வாங்குகிற சாக்கில் ஸ்டாப்புக்கே போனேன்.

"கோவமா சாமி?"

"இல்லீங்க பெரியம்மா."

"அப்புறம் எதுக்கு எழுத்தை வெளியில வெச்சுத் தைச்ச? உள்ள மடிச்சு விட்டிருந்தா யாருக்குத் தெரியும்?"

"அந்தத் துணில அதுதாங்க நல்லா இருந்துச்சு" என்றாள். "நாலு பேரு கையெழுத்து. எந்தக் கடையில கெடைக்கும்? உங்க வாலு ஒண்ணுக்கே ஒரு நாயித்துக்கெழம போச்சு."

என் வாலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"காலேஜ்ல என்ன சொன்னாங்க?"

"அந்த மேடம் பட்டையப் படிச்சுட்டு, ராசம்மாள்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

சிரித்துவிட்டேன். "ஷாலினி போயி ராசம்மாளா? இதுக்கு அதே தேவலையே!"

"இல்லீங்க. இது நானா எடுத்து வெச்சுக்கிட்டது. மேடமும் சிரிச்சுட்டு, உம்பேரு ரஞ்சிதாதானன்னு கேட்டாங்க. ஒண்ணரை வருசத்துல அன்னிக்குத்தான் கேட்டாங்க." பஸ் வந்துவிட்டது. படியில் ஏறித் திரும்பி, "நேத்து மறுபடி ஷாலினின்னுட்டாங்க" என்றாள். தோளை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

பாலை அடுப்பில் வைத்துப் பொங்க விட்டுவிட்டேன். நான் பேசிக் கெடுத்ததை நான்தான் பேசிச் சரிசெய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதானே.

முதலில் ராசம்மாக்கா வீடு.

"காலேஜுல ஒரு மேடம் தெனமும் உங்க பேரைத்தான் சொன்னாங்களாம்" என்றேன்.

"எம்பேரையா? எதுக்கு?"

"துணியில பாத்துட்டுத்தான். நல்ல பேருன்னு எடுத்துக்கிட்டாங்க போல."

ராசம்மாக்கா புளி கரைப்பதை நிறுத்தினார். "நல்ல பேருன்னு அவங்க வாயாலயே சொன்னாங்களா?"

"சொன்னாத்தானாக்கா? கூப்பிடறதே அதச் சொல்லித்தான்."

அங்கிருந்து நேராக டீச்சர் வீடு. "ராசம்மாக்கா பேரு காலேஜ் பூரா தெரிஞ்சு போச்சுங்க டீச்சர். எழுதுனது நீங்க, பேரு அவங்களுக்கு. உங்க பேருதான் பாவம், பேரே இல்ல. வெறும் டீச்சர்னு, அதுவும் முழங்காலுக்குக் கீழ."

அறிவுமதி எம்.ஏ., பி.எட்.டின் முகம் போன போக்கு எனக்குத் தெரியும். இதில் நான் சொன்ன பொய் என்று பார்த்தால் ஒன்றோ ஒன்றரையோதான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு இரண்டு பேரும் ஜோதி வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து, எதேச்சையாக நானும் போனேன். கையில் ஒரு பிட்டு எடுத்துக்கொண்டேன். மாதையன் வாசலில் எதிர்ப்பட்டார். கிரீஸ் வைக்க வேண்டியிருந்ததாம்.

உள்ளே ஜோதி மிஷினைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "அக்கா, டீச்சர், அவ சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிட்டா. அதத்தான் போட வேண்டாம்னு சொல்லிட்டனே" என்று ஆரம்பித்தாள்.

"அத யாரு கேட்டா?" என்றார் ராசம்மாக்கா. "எங்க அந்தத் துணி? கொண்டா சாமி."

ரஞ்சிதா கொண்டுவந்தாள். ராசம்மாக்கா அதைக் கட்டிலில் விரித்து, விரலை வைத்தார். "பாரு. எம்பேரு வயித்து மேல உக்காந்திருக்குது. சோறு திங்கறப்ப கொழம்பு கொட்டுனா எம்மேலதான. இதக் கழுத்துக்கிட்ட கொண்டாற முடியாதா?"

"கழுத்துல ஜோதி பேரு இருக்குங்க்கா. அவங்க அம்மா, இருக்கட்டும்" என்றாள் டீச்சர். "அடுத்தது யாருங்கறதுதான் கேள்வி. ரஞ்சிதா, டீச்சர்னா எந்த டீச்சர்? தமிழ்நாட்டுல எத்தனை டீச்சர் இருக்காங்க? அறிவுமதின்னு எழுத அஞ்சே எழுத்து."

"நீங்க கீழயாச்சும் தனியா இருக்கறீங்க. நடந்தா உங்க பேருதான் மொதல்ல ஆடுது" என்றார் ராசம்மாக்கா.

"ஆடற எடத்துல இருக்கறதுக்கு இல்லாமயே இருக்கலாமே!"

ஜோதி ஒருத்தி முகத்தை விட்டு ஒருத்தி முகத்தைப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் இதுக்கா வந்தீங்க?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்தும் அடங்கவில்லை. ஒரு வாரமாகச் சிரிக்காதவளுக்கு எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"எதுக்குடி சிரிக்கற?" என்றார் ராசம்மாக்கா. "நாளைக்கு இத அவ போட்டுட்டுப் போகட்டும். எம்பேர நாலு பேரு பாக்கட்டும். வயித்துல இருந்தா என்ன, இருந்துட்டுப் போவுது."

ஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். மாட்டிவிட்டுத்தான் ஞாபகம் வந்தது போல, "ஆத்தூர் அண்ணி வந்து, எங்க ஷாலினி துணியெல்லாம்னு கேட்டா என்னடி சொல்லுவ?" என்றாள்.

ரஞ்சிதா டாப்ஸின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினாள். உள்ளே லைனிங்காக ரோஜாப்பூப் போட்ட பருத்தித் துணி. ஷாலினியின் சுடிதார்தான். "இது அக்குள்ல கிழிஞ்சதுங்கம்மா. உள்ள வெச்சுட்டேன். கேட்டா போட்டுட்டுத்தான் போறேன்னு சொல்றேன். பொய்யில்லீங்களே."

அதற்குப் பிறகு ராசம்மாக்காவும் டீச்சரும் தங்கள் பைகளைத் திறந்தார்கள். அடுத்த டாப்ஸுக்காம். ஆளுக்கு நாலைந்து பிட்டு. நானும் என்னுடையதை அடுக்கில் வைத்தேன். நல்ல ஆரஞ்சு, ஜரிகைப் புள்ளி போட்டது. ரஞ்சிதா கட்டில் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஆமாம், எங்கள் கண் முன்னாலேயே முழுசாகப் பிரித்தாள். நாங்கள் மூன்று பேரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டோம். ராசம்மாக்காவுடையதில் ஒரு சாம்பலை எடுத்துத் தனியே வைத்தாள். டீச்சருடையதில் ஒரு காவி. மற்றதையெல்லாம் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இது வேண்டாங்க பெரியம்மா" என்று என்னுடையதை நீட்டினாள். "மினுக்கறது எனக்கு ஆவாது."

பிட்டு எடுத்துக் கொடுத்து வாங்கி எனக்கு முப்பது வருஷப் பழக்கம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அப்ப அடுத்ததுல என் பேர் எங்க வரும்?" என்றாள் டீச்சர், விடாமல்.

"அடுத்ததுல எழுத்தே வராதுங்க டீச்சர். எழுத்து இது ஒண்ணுலதான். இதுலயும் அப்படியேதான் இருக்கும். பிரிச்சு மாத்துனா கையெழுத்து போயிடும்."

தணிவாகப் பேசினாளே தவிர, பேரம் பேச இடம் வைக்கவில்லை. டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் காபிக்கு வந்தவள் போல டம்ளரைப் பார்த்தேன். காபி இன்னும் வந்திருக்கவில்லை.

அவர்கள் போன பிறகுதான் ஜோதி காபி கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அக்கா, அந்த மயில் கழுத்து உங்களுக்கு எடுபடாதுன்னீங்களே. ஒரு தடவையாச்சும் பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல ஜோதி."

"நெனச்சேன்" என்றாள்.

"தைச்சிருக்கணும்" என்றேன். அவள் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.

மறுநாள் ஏழே முக்காலுக்கு ஸ்டாப்பில் சந்தன நிறம் நின்றது. வெயில் பட்டு மயில் கழுத்து ஒருபக்கம் நீலமாகவும் ஒருபக்கம் பச்சையாகவும் தெரிந்தது. எனக்கு எடுபட்டிருக்கும். இடது கை பாக்கெட்டில் இருந்தது. அந்தக் கையை எடுத்து ஆட்டிக்கொண்டு அங்கிருந்தே கத்தினாள்:

"பெரியம்மா, செடி அழுகிடப் போவுதுங்க!"

பார்த்தால், தண்ணீர் வாசல் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டிருந்தது.

குழாயை மூடிவிட்டு உள்ளே வந்து, திரும்பி வந்த ஆரஞ்சு பிட்டை எடுத்தேன். கரையோரமாக, "ரஞ்சிதா, வேண்டாம்னுட்டா" என்று எழுதி பீரோவில் வைத்தேன். ராசம்மாக்காவின் சின்ன மருமகளுக்கு அடுத்த மாதம் தேதி சொல்லியிருக்கிறார்கள். எந்தக் குழந்தை பிறந்தாலும் தட்டில் ஒரு பிட்டு வைத்தாக வேண்டுமே.